மூடிய கதவும் தொலைநோக்கியும்: கிரனாடாவின் அல்பய்யாஸீன் குடியிருப்பைக் கண்ட எழுத்துகள்

அந்தலூஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர்களின் பேனா கண்ணீரில் தோய்ந்துவிடுகிறது. எட்டு நூற்றாண்டுக் கால ஆட்சி, குர்துபாவின் நூலகங்கள், அல்ஹம்றாவின் தூண்கள், இறுதி மன்னர் அபூ அப்தில்லாஹ் மலைமுகட்டில் நின்று திரும்பிப் பார்த்துப் பெருமூச்செறிந்ததாகச் சொல்லப்படும் கதை என்று ஒரு வரிசை நம்மிடம் உண்டு. மேடைகளிலும் ஏடுகளிலும் இவ்வரிசை பெரிதும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. மன்னர்களும் அறிஞர்களும் கட்டடங்களும் அதில் இடம்பெறுகின்றனர். அங்கே வீடு கட்டி, விளக்கேற்றி, அண்டை அயலாருடன் நீரைப் பகிர்ந்து வாழ்ந்த சாதாரண மக்கள் அதில் இல்லை. வாழ்ந்த இடத்தை விட்டுவிட்டு ஆண்ட இடத்தை மட்டும் நினைந்து அழுவது எவ்வகை வரலாற்று உணர்வு என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. கிரனாடா நகரின் நடுவே இன்றும் மக்கள் குடியிருக்கும் அல்பய்யாஸீன் என்னும் பழைய மஹல்லாவை முன்வைத்து, அதைப் பற்றி எழுதியவர்கள் அதை எங்கு நின்று பார்த்தார்கள் என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

அல்ஹம்றா அமைந்த குன்றுக்கு எதிரே, தார்ரோ என்னும் சிற்றாற்றின் மறுகரையில் எழும் குன்றே அல்பய்யாஸீன். ஸ்பானியர் அதனை அல்பைஸின் என்பர். பருந்து பழக்குவோர் வாழ்ந்ததால் இப்பெயர் வந்தது என்பாரும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பயாஸா நகரை இழந்து வந்து குடியேறியோரின் பெயர் இது என்பாரும் உளர். பதினோராம் நூற்றாண்டில் ஸீரீ வம்சத்தார் தம் கோட்டையை முதலில் எழுப்பியது இக்குன்றின் மீதுதான். அல்ஹம்றா அரண்மனைகள் இன்றைய உருவைப் பெற்றது அதற்கு நெடுங்காலம் பின்னர். யுனெஸ்கோ நிறுவனம் 1984இல் அல்ஹம்றாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அல்பய்யாஸீன் அப்பட்டியலில் இடம்பெற 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. அரண்மனைக்கும் குடியிருப்புக்கும் உலகம் அளிக்கும் மதிப்பின் வேறுபாடு இப்பத்தாண்டு இடைவெளியிலும் தெரிகிறது என்று கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மஹல்லாவில் மூன்று வாரங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நகரின் பெருஞ்சதுக்கமான பிளாஸா நுவேவாவிலிருந்து சில நிமிடங்கள் ஏறினால் போதும். கீழே வாகனங்களின் இரைச்சல். மேலே நம் காலடியோசை மட்டுமே. தெருக்கள் பல, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவே அகன்றவை. வெள்ளையும் கருஞ்சாம்பலுமான ஆற்றுக் கூழாங்கற்களைப் பூவேலைப்பாடாகப் பதித்த தரை, படிகள், திடீரென முடிந்துவிடும் சந்துகள். சிறு பேருந்து ஒன்று சில தெருக்களில் மட்டும் சுவரை உரசுவதுபோல் ஏறி இறங்கும். எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து படியேறும் பணியாளரைக் கண்டபோது, இவ்வமைதிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதும் விளங்கிற்று.

அமைதி இங்கே தற்செயலாக நேர்ந்ததன்று. வீட்டின் அமைப்பே அதனை உண்டாக்குகிறது. தெருவை நோக்கி வெறுஞ்சுவர்; சாளரம் இருந்தால் அது உயரத்தில், சிறியதாக இருக்கும். கதவைத் திறந்தாலும் உள்முற்றம் நேரே கண்ணில் படாதவாறு நடை ஒரு திருப்பம் கொள்ளும். அத்திருப்பத்தைக் கடந்தால் முற்றம், நடுவே நீர்நிலை, இரு பக்கங்களிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம். கன்னிமடம் ஒன்றுக்குள் அகப்பட்டுக் காலத்தைக் கடந்து வந்த காஸா தெ ஸாஃப்ரா என்னும் நஸ்ரீ கால வீட்டில் இவ்வமைப்பை இன்றும் காணலாம். அலங்காரமெல்லாம் உள்ளே, தெருவில் செல்வோனுக்குச் செல்வந்தன் வீடும் எளியவன் வீடும் ஏறக்குறைய ஒன்றேபோல் தோன்றும்.

இவ்வமைப்புக்கு வெப்பமும் நிலத்தின் சரிவும் காரணங்கள் என்று கட்டடக்கலை நூலோர் விளக்குவர், உண்மைதான். எனினும், பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லிய பின்னரே நுழைய வேண்டும் என்னும் ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனத்தை ஓதி வளர்ந்தவர்கள் கட்டிய வீடுகள் இவை என்பதை மறந்துவிட்டு இவற்றை விளக்க முடியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துத் துளையொன்றின் வழியே ஒருவர் உள்ளே நோக்கியபோது, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்னும் கருத்தில் அவர்கள் கண்டித்ததை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. கால் நுழைவதற்கு முன்பே கண் நுழைந்துவிடுகிறது என்பதை அறிந்திருந்த சமூகத்தின் வீடு, தன் நடையை வளைத்துக் கட்டியதில் வியப்பில்லை.

இனி எழுத்துகளுக்கு வருவோம். மேலை வாசகரிடம் கிரனாடாவுக்குப் பெரும் புகழ் தேடித்தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங். 1829இல் அவர் அல்ஹம்றாவுக்குள்ளேயே சில மாதங்கள் தங்கினார். அவருடைய அல்ஹம்றா நூல் 1832இல் வெளிவந்தது. அந்நூலில் நம் பொருளுக்கு நேராக உதவும் ஓர் இடம் உண்டு. அரண்மனை மாடத்தில் அமர்ந்து, சிறு தொலைநோக்கி ஒன்றின் உதவியால் கீழுள்ள அல்பய்யாஸீனின் தெருக்களையும் மாடிகளையும் அவர் வேடிக்கை பார்க்கிறார். ஒருநாள் கன்னிமடம் புகவிருக்கும் ஒரு பெண்ணின் ஊர்வலம் தெரிகிறது. உடனே அவர் மனம் கதை கட்டத் தொடங்குகிறது: இளம் அழகி, கொடிய தந்தை, கூட்டத்தில் துயருடன் நிற்கும் காதலன். பின்னர் உள்ளூர்ப் பணியாளர் மாத்தேயோ விசாரித்து வந்து சொன்னதோ வேறு. அப்பெண் இளையவருமல்லர், அழகியுமல்லர், காதலன் எவனுமில்லை, தம் விருப்பப்படியே மடம் புகுந்து அங்கே மகிழ்ச்சியுடன் வாழ்கிறார்.

இர்விங்கின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். தம் கற்பனை பொய்த்ததைத் தாமே நகைச்சுவையுடன் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் தொலைநோக்கியை அவர் கீழே வைத்துவிடவில்லை. அவருக்குப் பின் வந்த பயண எழுத்தாளர் பலரும் அதையே கையிலெடுத்தனர். உள்ளே நுழைய முடியாத வீட்டைத் தூரத்திலிருந்து கதையாக்கும் வழக்கம் அவர்களால் வேரூன்றியது. கீழை நாட்டு மாந்தரைப் பற்றிய மேலையோரின் எழுத்தில் நாம் குறை காணும் பெரும்பாலானவற்றை அந்த மாடத்தின் ஒரு மாலைப்பொழுதிலேயே காணலாம்.

இன்று அந்தத் தொலைநோக்கி திசை மாறியிருக்கிறது. ஸான் நிக்கோலாஸ் தேவாலயத்தின் முன்னுள்ள திறந்தவெளியே அல்பய்யாஸீனின் புகழ்பெற்ற இடம். 1997இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் குடும்பத்துடன் வந்து அங்கிருந்து கதிரவன் மறைவதைக் கண்டு வியந்ததை நகரத்தார் இன்றும் நினைவுகூர்கின்றனர். மாலைதோறும் நூற்றுக்கணக்கானோர் அங்கே கூடுகின்றனர். அவர்கள் அனைவரும் அல்ஹம்றாவை நோக்கி, அல்பய்யாஸீனுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றனர். நாமும் முதல் நாள் அவ்வாறே நின்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வரலாற்றைப் பார்த்தால், இம்மஹல்லாவின் வீழ்ச்சியே கதவுகள் திறக்க வைக்கப்பட்ட வரலாறாகத் தோன்றுகிறது. 1491 நவம்பரில் எழுதப்பட்டு 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் கையளிக்கப்பட்டபோது நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல்கள், வீடுகள் ஆகியவற்றுக்கு உறுதி அளித்திருந்தது. 1499இல் வந்து சேர்ந்த கர்தினால் ஸிஸ்னேரோஸின் கட்டாய மதமாற்ற முயற்சிகளால் அவ்வாண்டு இறுதியில் அல்பய்யாஸீன் கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியையே காரணமாக்கி உடன்படிக்கை கைவிடப்பட்டது. ஞானஸ்நானமா வெளியேற்றமா என்னும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். மஹல்லாவின் பெரிய பள்ளிவாசல் ஸான் ஸால்வதோர் தேவாலயமாயிற்று; அதன் பழைய முற்றம் மட்டும் லாட வளைவுகளுடன் இன்றும் நிற்கிறது. ஸான் ஹோஸே தேவாலயத்தின் மணிக்கூண்டு ஒரு காலத்தில் மினாராவாக இருந்தது.

இவை நம்மில் பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது 1567 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அரச ஆணை. அரபு மொழியும் உடையும் முகத்திரையும் பொதுக் குளியலறைகளும் அதனால் தடை செய்யப்பட்டன என்று நூல்கள் கூறும். அவ்வாணையில் இன்னொரு விதியும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாள்களிலும் திருமண நாள்களிலும் மொரிஸ்கோக்கள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது அது. உள்ளே தொழுகை நடக்கிறதா, மருதாணி இடப்படுகிறதா என்று வழிப்போக்கரும் பார்த்துக்கொள்வதற்காக!

மதம் மாறிய பின்னும் தம் மக்களுக்காக வாதாடிய முதியவர் ஃபிரான்சிஸ்கோ நூஞெஸ் முலெய், நீதிமன்றத் தலைவர் பேத்ரோ தெ தேஸாவிடம் அளித்த நீண்ட விண்ணப்பத்தில் இவ்விதியையும் எடுத்துப் பேசுகிறார். திறந்த கதவால் யாருக்கு நன்மை? திருடருக்கும், பெண்களிடம் வரம்பு மீற நினைப்போருக்குமே என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்விண்ணப்பத்தை மார்க்க உரிமைக்கான குரல் என்று மட்டும் வாசிப்போர் இப்பகுதியைக் கடந்து சென்றுவிடுகின்றனர். நம் வாசிப்பில் அதன் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. உள்ளத்தில் இருப்பதை நிரூபிக்க முடியாத ஓர் அரசு, வீட்டின் உட்புறத்தையே சாட்சியாக்க முனைந்தது என்பதை அம்முதியவர் கண்டுகொண்டார். விண்ணப்பம் பயன் தரவில்லை.

அடுத்த ஆண்டு, 1568 டிசம்பர் 24 இரவில், புஷர்ராத் மலைப்பகுதிக் கிளர்ச்சியாளர் ஃபரஜ் பின் ஃபரஜ் சிறு கூட்டத்துடன் அல்பய்யாஸீனுக்குள் புகுந்து, எழுச்சிக்கு வருமாறு தெருத்தெருவாக அழைத்தார். கதவுகள் திறக்கவில்லை. இதனைக் கோழைத்தனம் என்று கண்டிக்கும் எழுத்துகள் நம் மொழிகளில் உண்டு; தீர்ப்பு வழங்குவோர் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் பாதுகாப்பாக அமர்ந்திருக்கின்றனர். பிள்ளைகளோடு உள்ளே தாழிட்டுக் கொண்டவர்களுக்கு வேறு கணக்கு இருந்திருக்கும். அக்கதவடைப்பும் அவர்களைக் காக்கவில்லை. 1569 ஜூன் மாதம் பத்து முதல் அறுபது வயது வரையிலான ஆண்கள் தேவாலயங்களில் கூட்டி அடைக்கப்பட்டு, படைக்காவலுடன் நகரை விட்டு நடத்திச் செல்லப்பட்டனர். 1570இல் எஞ்சியோருக்கும் அதுவே நேர்ந்தது. 1609இல் தொடங்கிய இறுதி வெளியேற்றம் ஸ்பெயின் முழுமைக்குமானது. கிரனாடாவின் தெருக்களோ அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே வெறுமையாகிவிட்டன.

அதன் பின் நடந்தது இன்றைய சுற்றுலா நூல்கள் சொல்லாமல் விடும் செய்தி. அல்பய்யாஸீனின் தனிச்சிறப்பாகப் போற்றப்படுபவை கார்மென் எனப்படும் மதில் சூழ்ந்த தோட்ட வீடுகள். சொல் அரபியின் கர்ம், அதாவது திராட்சைத் தோட்டம் என்பதிலிருந்து வந்தது. மூர்களின் தோட்டம், அரபியரின் கனவு என்றெல்லாம் அவற்றை வருணிப்பர். சொல் பழையதே, ஆனால் மஹல்லாவுக்குள் நாம் காணும் கார்மென்களில் பல, வெளியேற்றத்திற்குப் பிறகு உருவானவை. அரசு கைப்பற்றிய மொரிஸ்கோ வீடுகளுக்குப் போதிய குடியேறிகள் வரவில்லை. கூரைகள் விழுந்தன. எஞ்சியிருந்தவர் பக்கத்து மனைகள் இரண்டையும் மூன்றையும் தம்முடையதோடு சேர்த்து மதிலெழுப்பி மாதுளையும் திராட்சையும் நட்டனர். நெருக்கமாக வீடுகள் நின்ற இடம் தோட்டமாயிற்று. இன்று மதிலுக்கு மேலே தலைநீட்டும் ஸைப்ரஸ் மரத்தைக் கண்டு, ஆகா, எத்துணை அமைதி என்று நாம் வியக்கும்போது, அவ்வமைதியில் ஒரு பகுதி, இல்லாமல் போன அண்டை வீட்டாரின் அமைதி.

இத்தகைய இழப்பைச் சொல்ல நம் இலக்கிய மரபில் இரங்கற்பா ஒன்று ஏற்கனவே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அபுல் பகா அர்ருன்தீ, வலன்சியா, முர்சியா, குர்துபா, இஷ்பீலியா என்று நகர்களின் பெயர் சொல்லி அழைத்துப் பாடிய கஸீதா அரபுலகெங்கும் பரவியது. அல்லாமா இக்பால் 1933இல் ஸ்பெயின் சென்றார். 1935இல் வெளியான பாலே ஜிப்ரீல் தொகுப்பின் மஸ்ஜிதே குர்துபா கவிதை உருதுவின் சிகரங்களுள் ஒன்று என்பதில் நமக்கும் ஐயமில்லை. அவர் காலத்தையும் இறைக்காதலையும் பாட எடுத்துக்கொண்டவர். அவரிடம் சமையலறையைக் கேட்பது முறையாகாது. குறை அவரிடம் இல்லை. அவருடைய உயரத்தை எட்டாமல் அவருடைய தொனியை மட்டும் கைக்கொண்ட பின்னோரிடம் இருக்கிறது. பள்ளிவாசல் தூணையும் அரண்மனை நீரூற்றையும் கண்டு உருகும் அவ்வெழுத்துகள், இர்விங்கின் மாடத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டு அமர்ந்துகொள்கின்றன. கண்ணீர் மட்டுமே வேறுபாடு.

இவ்வழக்கத்தை முறித்தவர் எகிப்தியப் பெண் எழுத்தாளர் ரழ்வா ஆஷூர் (1946-2014). 1994, 1995 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கிரனாடா முத்தொகுதி, அல்பய்யாஸீன் வீடு ஒன்றிலேயே வேர்கொள்கிறது. மன்னர் நகரைக் கையளித்த செய்தி அங்கே தெருவில் கேட்கும் பேச்சாகவே வருகிறது. கதையின் நடுநாயகம் நூல் கட்டும் தொழிலாளி அபூ ஜஃபரின் குடும்பம். பாபுர் ரம்லா சதுக்கத்தில் நூல்கள் எரிக்கப்படுவதைக் கண்ட அம்முதியவர் அன்றிரவே இறந்துவிடுகிறார். மறைத்து வைத்த நூல்களைப் பேத்தி ஸலீமா படித்து மருத்துவம் கற்கிறாள். அதற்காகவே சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு எரிக்கப்படுகிறாள். ஸலீமாவின் சகோதரன் மனைவி மர்யமா சமைக்கிறாள், பேரம் பேசுகிறாள், பொய் சொல்லிக் குடும்பத்தைக் காக்கிறாள், பேரனுக்கு அரபி கற்பிக்கிறாள். அவளுடைய மரப்பெட்டி ஒன்று, எந்த அரண்மனைத் தூணைக் காட்டிலும் இப்புதினத்தில் கனமுடையது.

ஆஷூரின் வெற்றி அவர் கண்ணீரைத் தவிர்த்ததில் இல்லை. அழுகை அதில் நிறையவே இருக்கிறது. நடையின் திருப்பத்தைக் கடந்து முற்றத்தில் போய் அமர்ந்தார் என்பதே வெற்றி. கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் ஆணை உள்ளே இருப்பவருக்கு எவ்வாறு கேட்கும் என்பதை அவரைப் படித்த பின்னரே நாம் உணர்ந்தோம். குறையும் உண்டு. பின்னிரு பகுதிகளில் கதை தளர்கிறது. காஸ்தீலியரின் வீடுகளுக்குள் அவர் அதே பொறுமையுடன் நுழைவதில்லை. வெளியேற்றப்பட்டவரின் வீட்டில் மறுநாள் வந்து குடியேறிய ஏழைக் குடியேறியும் ஒரு மனிதனே என்னும் எண்ணத்திற்கு அப்புதினத்தில் போதிய இடமில்லை.

அக்குடியேறிகளின் வழிவந்தோரும் அவர்களுக்குப் பின் வந்தோருமே நூற்றாண்டுகளாக இம்மஹல்லாவைக் காத்தவர்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் அவர்கள். அல்ஃபகார் ஊற்றிலிருந்து ஐனுத் தம்உ, அதாவது கண்ணீர் ஊற்று என்னும் பெயருடைய வாய்க்கால் வழியே ஸீரீ காலம் முதல் இக்குன்றுக்கு வந்த நீரைப் பங்கிட்டவர்களும் அவர்களே. 1350ஐ ஒட்டி இங்கு வந்த இப்னு பதூதா அந்த இடத்தைத் தனியே புகழ்ந்திருக்கிறார். தெருமுனைகளில் செங்கல் வளைவுக்குள் ஒடுங்கியிருக்கும் நீர்த்தொட்டிகள் இருபதுக்கும் மேல் இன்றும் உள. அவற்றுள் பெரியது ஏறத்தாழ மூன்று இலட்சம் லிட்டர் கொள்ளும். அவற்றுள் பல பள்ளிவாசல்களை ஒட்டி எழுந்தவை. பள்ளிவாசல் தேவாலயமான பின்னும் நீர் எடுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நிற்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டியுடன் இறங்கி அவ்வாய்க்காலைத் தூர்வாரி வருகின்றனர். அந்தலூஸைப் பற்றிய ஆயிரம் சொற்பொழிவுகளைக் காட்டிலும் இச்செய்தி நம்மை மகிழ்வித்தது.

2003 ஜூலை 10ஆம் நாள், ஸான் நிக்கோலாஸ் திறந்தவெளியை ஒட்டிப் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. நிலம் வாங்கி இருபதாண்டுகளுக்கும் மேல் வழக்கும் எதிர்ப்பும் கடந்தே அது எழுந்தது. எதிர்த்தோர் அனைவரையும் ஸிஸ்னேரோஸின் வாரிசுகள் என்று எழுதிய நம் பத்திரிகைகளின் வேகம் நமக்கு உடன்பாடில்லை. வெறுப்பால் எதிர்த்தோர் இருந்தனர்; தம் தெருவின் அமைதி குலையுமோ என்று அஞ்சியோரும் இருந்தனர். இரண்டாம் வகையினரின் அச்சத்தை அண்டை வீட்டாரின் உரிமை பற்றி அறிந்த நாமே முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கட்டப்பட்ட பள்ளியும் அதைப் புரிந்துகொண்டதாகவே தோன்றுகிறது: வெண்சுவர், அடக்கமான உயரம், ஒலிபெருக்கியின்றி மனிதக் குரலில் ஒலிக்கும் பாங்கு.

இன்றைய அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. கதவுகளின் அருகே எண்பூட்டுக் கொண்ட சிறு சாவிப்பெட்டிகள் தொங்குகின்றன. மூன்று நாள் விருந்தினர் வந்து, பெட்டியிலிருந்து சாவியெடுத்து, சக்கரப் பெட்டியைக் கூழாங்கற்களில் உருட்டிச் செல்கின்றனர். அந்தலூசிய மாநில அரசு 2024இல் இத்தகைய வாடகை வீடுகளுக்கு வரம்பிடும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு வழங்கியது. 2025 ஏப்ரல் முதல், பலர் பங்குடைய கட்டடங்களில் ஐந்தில் மூன்று பங்கு உரிமையாளரின் இசைவு தேவை என்று ஸ்பெயின் சட்டம் கூறுகிறது. தனி வீடுகள் மிகுந்த அல்பய்யாஸீனில் பின்னதன் பயன் குறைவாகவே இருக்கும். அரச ஆணை திறக்க முயன்ற கதவைச் சந்தை எளிதாகத் திறந்துவிட்டது. இவ்விருந்தினரில் முஸ்லிம் பயணிகளும் கணிசமானோர். முன்னோர் வீட்டைக் காண வந்தோம் என்று சொல்லிக் கொண்டே, உண்மையில் அங்கு குடியிருப்பவரை வெளியேற்றும் வாடகைக்குத் துணைபோகின்றனர். நாம் தங்கியதும் அவ்வகை வீடு ஒன்றே. விலக்குக் கோர நமக்கு வாயில்லை.

நம் அடுத்த வீட்டில் தனியே ஒரு மூதாட்டி வாழ்ந்தார். முதல் இரு வாரங்கள் அவர் நம்மை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாளுக்கொரு முகம் வந்துபோகும் வீட்டை அவர் எதற்குப் பார்க்க வேண்டும்? மூன்றாம் வாரம் நீர்த்தொட்டி அருகே எதிர்ப்பட்டபோது, இன்னுமா இங்கே இருக்கிறீர்கள் என்று வியந்தார். புறப்படுவதற்கு முந்தைய மாலை, கன்னிமடத்தின் சுழல் சாளரத்தில் முகம் காணாமலே வாங்கிய பாதாம் இனிப்புப் பொட்டலத்துடன் அவர் கதவைத் தட்டினோம். யார் என்று உள்ளிருந்து குரல் வந்தது. நம் பெயர் அவருக்கு எதையும் உணர்த்தாது. பக்கத்து வீடு என்றோம். சிறிது நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது.